மூன்று நாள் அடுப்பு

இறந்துபோன மாமியாரைக் கூடத்தில் கிடத்தியிருக்கும்போதே, மங்கை சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். பாத்திரத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்தது.

எரிவாயுவெல்லாம் மின் நிலையங்களுக்குப் போக, முதியவர் இருக்கும் வீடுகளில் சிலவற்றுக்கு மட்டும் பகலிலும் குழாய் திறந்திருந்தது. மற்றவர்களுக்குக் காலையில் ஒரு மணி நேரம். மூன்று நாள் அடுப்பு எரியாவிட்டால், அது துக்க வீடு என்று அலுவலகம் தானாகவே புரிந்துகொண்டு பகல் குழாயை வரிசையில் அடுத்து இருக்கும் வீட்டுக்கு மாற்றிவிடும்.

“கொஞ்ச நேரம் எரிஞ்சா போதும்,” என்று கணவன் அழுதுகொண்டேதான் சொல்லியிருந்தான்.

பின்கதவு வழியாகத் தூக்குவாளியோடு வந்தாள் பக்கத்து வீட்டு ரெஜினா. எண்பது வயது மாமனாருக்காகப் பகல் குழாய் கேட்டு ஒரு வருடமாய்க் காத்திருப்பவள். அடுத்த முறை அவர்களுடையது.

எரியும் அடுப்பைப் பார்த்தாள்.

“காப்பி போடவா வச்சீங்க? துக்க வீட்ல அடுப்பு மூட்டலாமாக்கா? நாங்க எதுக்கு இருக்கோம்?” என்று அவளே அடுப்பை அணைத்தாள். “கெடைச்ச ஒரு மணி நேரத்துல உங்களுக்கும் சேர்த்துக் கஞ்சி வச்சிட்டேன். எங்க மாமாவுக்கு வெந்நீர் நாளைக்குப் பாத்துக்கலாம்.”

அவள் போனபின் மங்கை வாளியைத் திறந்தாள். கஞ்சி ஆறியிருந்தது. அடுப்பை மறுபடியும் பற்றவைத்து, அதையே சூடாக்கினாள்.