ஓசூருக்குக் குடிவந்த வைஃபை பெட்டி

தேனியிலிருந்து ஓசூருக்குக் குடிவந்தார் கனகவேல். புது வீட்டில் பழைய வைஃபை பெட்டியை மாட்டி, அதில் விளக்கு எரிந்ததுதான் தாமதம், அவருடைய போன் கூவியது: “ஆஹா, தேனிக்கு வந்துட்டோம்!”

பெட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏம்ப்பா, ஒரே லாரியிலதானே வந்தோம்? இது ஓசூர்.”

“இருக்கலாம் அண்ணே. ஆனா வீட்டுக்குள்ள எனக்கு வானத்துச் செயற்கைக்கோள் தெரியாது. பக்கத்துல எந்தப் பெட்டி இருக்குன்னு பார்த்துத்தான் ஊரைச் சொல்வேன். நீங்க தேனின்னு நாற்பது போன் சாட்சி சொல்லியிருக்கு.”

அன்று மதியம் கனகவேல் ஆர்டர் செய்த பரோட்டா, தேனியில் பூட்டிக்கிடந்த அவருடைய பழைய வீட்டு வாசலில் போய் நின்றது. பசியோடு இருந்த கனகவேல் பெட்டியின் மண்டையில் நாலு தட்டு தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்குக் காதுகுத்து. முப்பது விருந்தாளிகள், முப்பது போன்கள். ‘இன்னைக்கு உண்மை தெரிஞ்சுடும்’ என்று பெட்டி நிமிர்ந்து உட்கார்ந்தது.

உள்ளே வந்த ஒவ்வொரு போனும் பெட்டியைப் பார்த்தது. “அட, தேனிப் பெட்டி! அப்போ நாம தேனியிலதான் இருக்கோம்” என்றது. அதோடு விடாமல், ‘இந்தப் பெட்டியைத் தேனியில் பார்த்தேன்’ என்று எழுதியும் வைத்தது.

“இப்ப எழுபது சாட்சி அண்ணே!” என்றது கனகவேலின் போன்.

சீராக வந்த புது மிக்சியைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். “அண்ணே, இது எந்த ஊரு?” என்று மிக்சி கேட்டது.

ஜன்னலுக்கு வெளியே ‘ஓசூர் பேக்கரி’ என்ற பலகை பளபளத்தது. பெட்டி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தது.

“தேனிம்மா,” என்றது. “முதல்ல எனக்கும் ஓசூர் மாதிரிதான் இருந்துச்சு. போகப் போகப் பழகிடும்.”