ஒலி அடங்கும் வரை

பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவருக்கு வலது முட்டி விண்விண்ணென்று தெறிக்கிறது. நேற்றே எண்ணெய் விட்டிருக்க வேண்டிய பெடல் கம்பி இன்று கிறீச்சிடுவதால், பியானோவுக்கு அடியில் குந்தி, அதைக் கந்தல்துணியால் இறுக்கிப் பிடித்திருக்கிறார். தலைக்கு மேலே பலகை அதிர்கிறது. பியானோக்காரரின் பூட்ஸ் அழுத்தி விலகுகிறது. வயலின்காரியின் வெறுங்கால் விரல்கள் தரையைப் பிறாண்டுகின்றன. செல்லோ வாத்தியத்தின் இரும்புமுனை மரத்தரையில் நறநறக்கிறது. இது ஒலிப்பதிவின் பதினோராவது டேக். ஐந்து மணிக்குக் கூடத்தைக் காலி செய்தாக வேண்டும். கடைசிச் சுரம் எழுகிறது. அது காற்றில் கரைந்து முடிய நான்கு விநாடி. அதுவரை யாரும் அசையக்கூடாது. ஒன்று, இரண்டு. முட்டி சடக்கென்று சொடுக்குகிறது. "யாருப்பா அங்க சுள்ளி ஒடிக்கிறது?" என்கிறார் கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவுக்காரர். "என் முட்டிங்க. தப்பாயிடுச்சு." வயலின்காரி குனிந்து பார்க்கிறாள். "தாளம் சரிதாண்ணே. கொஞ்சம் முந்திட்டீங்க." சிரித்துக்கொண்டே வீங்கிய மணிக்கட்டை நீவுகிறாள். செல்லோக்காரர் சிரிக்கவில்லை. "கடைசிப் பக்கம் மட்டும் திரும்ப வாசிப்போம். இதுக்கு மேல நேரமில்ல." மணி நாலு ஐம்பத்தேழு. சுருதி சேர்க்கிறவர் மறுபடி கம்பியைப் பிடிக்கிறார். முட்டி துடிக்கிறது. வாசிக்கும் இந்த மூன்று பேருக்கும் நான்கு விநாடி அமைதியை அவர் இன்னும் பாக்கி வைத்திருக்கிறார்.