ஒரு டம்ளர்

உப்பளக் குடியிருப்பில் எல்லோருக்கும் சிறுநீரகத்தைத் திருத்தியாகிவிட்டது. அதிலுள்ள லட்சக்கணக்கான வடிகட்டிகளில் ரத்தத்தை வடிக்கும் நுண்முடிச்சைத் தொடவில்லை. வடிந்த நீரைத் திரும்ப உறிஞ்சும் குழாயை மட்டும் நீட்டிவிட்டார்கள். காலையில் அளத்து வாசலில் குடிக்கும் ஒரு குவளைத் தண்ணீர் நாள் முழுக்கத் தாங்கும். அந்த வாசல் குழாயை அப்புறம் மறுநாள்தான் திறப்பார்கள். வீடுகளில் தண்ணீரே வைப்பதில்லை.

உச்சிவெயிலில் ஜெசிந்தாவின் அப்பா ஊரிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். அவர் உடம்பில் இருந்தது பிறந்தபோது வந்த சிறுநீரகம்தான்.

"வாங்கப்பா, உக்காருங்க" என்றவள் வழக்கம்போல டம்ளரை இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் அண்ணாந்து வாயில் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை.

"என்னட்டி, தண்ணியக் காணோம்?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இங்கே வந்தவர்களுக்கு வெறும் டம்ளரைத்தான் கொடுப்பார்கள். அவர்களும் மரியாதைக்கு உதட்டில் வைத்துவிட்டுத் திருப்பித் தருவார்கள்.

"ஒரு வாய் போதும் தாயி" என்றபடி அப்பா சுவரோடு சரிந்தார்.

ஜெசிந்தா தெருவில் ஓடி, கதவு கதவாகத் தட்டினாள். எல்லாக் கதவும் திறந்தன. மூச்சிரைக்க நின்றவள் வாய் திறக்கும் முன்பே, "வா தாயி, மொதல்ல உக்காரு" என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காலி டம்ளரை நீட்டினார்கள்.