கூறைச்சேலையும் முத்துமாலையும்

தொலைக்காட்சியில் பழைய ஆங்கிலப் படத்தின் ராணி, தலை வெட்டப்படும் மேடைக்குப் படியேறுகிறாள். கறுப்பு வெள்ளையிலும் அவள் கழுத்து முத்துமாலை மினுங்குகிறது. வெளியே, துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதுகிறது. இன்று மார்பில் சத்திரசிகிச்சைக்குப் போகவேண்டிய ஜெயரூபி, உடுத்திருக்கும் கூறைச்சேலையின் கொய்யக மடிப்பை நீவியபடி அந்த ராணியையே பார்க்கிறாள். "இஞ்சேரப்பா, ஓட்டோ வந்திட்டுது" என்ற கணவர் அருளம்பலம் திரையைக் காட்டுகிறார். "சாகப்போறவளுக்கு ஏன் இவ்வளவு சோடினை?" "பின்ன, அழுது குளறிக்கொண்டு போகச் சொல்லுறியளோ?" "ஆஸ்பத்திரியில எல்லாத்தையும் கழட்டச் சொல்லுவினம். கலியாணக் கூறையோட போனா சனம் சிரிக்கும்." "கழட்டச் சொல்லேக்க கழட்டுவன். அதுவரைக்கும் இதுதான்." கோடரி உயர்கிறது. ஜெயரூபி படத்தை நிறுத்திவிட்டு, நெற்றியில் பெரிய பொட்டாகவே வைக்கிறாள். "வாங்கோ, போவம். அவ திரும்பி வரமாட்டா. நான் வருவன்."