பக்கத்துக் கட்டில்

விடிந்தால் ஞானசெல்வத்துக்கு ஆபரேஷன். மத்தியானத்திலிருந்தே கை நடுங்குகிறது. போதாததற்குச் சபைப் பெண்கள் சங்கம் வேறு வருகிறதாம், ஜெபிக்க. கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் ஒரே முகத்தோடு போகிற கூட்டம். வார்டு வாசலில் தலைவி ரோஸ்லெட் டீச்சரின் குரல் கேட்டதும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

டீச்சருக்கு நோயாளியின் முகத்தைப் பார்க்கவெல்லாம் ஏது நேரம்? வரும்போதே கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தவளின் தலையில் கைவைத்து, “தகப்பனே, உம்முடைய மகளைக் கைவிடாதேயும்” என்று ஆரம்பித்துவிட்டார். அவளை எட்டிப் பார்க்க ஒரு நாதியில்லை. பயத்தில் ராப்பகலாக முனகிக்கொண்டே கிடப்பவள்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்த டீச்சர் பதறினார். “ஐயையோ, இது யாரு? நம்ம சபை ஆளே இல்லியே!”

கையை எடுக்க முடியவில்லை. அந்தப் பெண் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தூங்கிப்போயிருந்தாள். முனகல் நின்றிருந்தது.

ஞானசெல்வம் போர்வையை விலக்கினாள். “ஏன், செஞ்ச ஜெபத்தத் திருப்பி வாங்கிட்டுப் போகணுமோ? ஆண்டவரும் உங்கள மாதிரி கண்ண மூடிக்கிட்டா இருக்காரு?”

“அப்போ உனக்கு?”

“அசையாதீங்க டீச்சர், முழிச்சிருவா.”

டீச்சர் குனிந்தபடியே நின்றார். ஞானசெல்வம் தன் கட்டிலிலிருந்தே எட்டி, நடுக்கம் நின்றுபோன கையை அந்தப் பெண்ணின் முதுகில் வைத்து, கண்ணை மூடாமலே, டீச்சர் விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தாள்.