இரண்டாம் குரல்

கடைசியில் இரண்டு பேர்தான் மிச்சம்.

ஒருவன் அவன். மற்றவள் அவன் மனைவி.

தோற்றவர்கள் கைகுலுக்கிவிட்டு மேடையோரம் ஒதுங்கிவிட்டார்கள். நடுவில், சிவப்புச் சோபாவில், இவர்கள் மட்டும். அவள் கை அவன் கைக்குள் இருந்தது. வேர்த்திருந்தது. யாருடைய வேர்வை என்று தெரியவில்லை.

ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்கு இந்த வருடம் நோர்வேயின் பாட்டு எது?

அறிவிப்பாளர் உறையைப் பிரிக்கிறாள். ஒஸ்லோ மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை.

இந்தச் சோபாவுக்கு அவன் வருடக்கணக்காக அலைந்தவன். ஒவ்வொரு முறையும் முதல் சுற்றோடு திருப்பி அனுப்பினார்கள். அவள் பல் வைத்தியரிடம் உதவியாளராக இருக்கிறாள். பாட்டு அவளுக்கு வேலைக்குப் பிறகுதான். அவன் வீட்டில் பாடிப் பழகும்போது அவன் குரலுக்குக் கீழே நின்று இரண்டாம் குரல் கொடுப்பாள், கறிச்சட்டியைக் கிளறியபடி.

"உன்ரை பாட்டு ஒண்டையும் போட்டிக்கு அனுப்பன், பாப்பம்."

சொன்னது அவன்தான். சிரித்துக்கொண்டு சொன்னான். அவள் பாட்டுக்குக் கிற்றார் வாசித்ததும், இரண்டாம் குரல் பாடிப் பதிந்ததும் அவன்தான்.

பதிவை ஒருதரம் போட்டுக் கேட்டான். அவளுடையதுதான் நல்ல பாட்டு என்று தெரிந்துவிட்டது.

சொல்லவில்லை.

"அந்தத் தமிழ் வரியளை எடுத்துவிடு. இஞ்சத்தைச் சனத்துக்கு விளங்காது" என்று மட்டும் சொன்னான்.

அவள் எடுக்கவில்லை.

"சுலக்சனா!" அறிவிப்பாளர் அவன் மனைவியின் பெயரைக் கூவினாள்.

அவன்தான் முதலில் எழுந்தான். முகத்தில் சிரிப்பு தானாக வந்து உட்கார்ந்தது. அவளை இழுத்து அணைத்தான். கைதட்டல் கூரையை இடித்தது. கன்னம் வலிக்கும்வரை சிரித்தான்.

அவள் அவன் காதோடு வாய் வைத்துச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, கமரா அங்கால திரும்பீட்டுது. சிரிச்சது காணும், விடுங்கோ."

சொல்லிவிட்டு மேடைக்கு ஓடிவிட்டாள்.

குரலில் கோபம் இல்லை. கேலியும் இல்லை. அதுதான் அவனைச் சுட்டது.

வென்றவர் மறுபடி பாடவேண்டும். மற்றப் பாடகர்கள் எல்லோரும் மேடையேறி அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ அவன் முதுகில் தட்டி, கையில் ஒரு மைக்கைத் திணித்து, "நீயும் பாடு, உன் மனைவியல்லவா" என்று நோர்வே மொழியில் சொல்லித் தள்ளிவிட்டார்கள்.

போய் நின்றான். அவள் பின்னால், இருட்டில்.

அவள் தொடங்கினாள். தமிழ் வரி வந்தது. வானொலியில் கேட்டுப் பழகிய மண்டபம் அவளோடு சேர்ந்து பாடியது. பொன்னிறத் தலைமயிர்க் கிழவிகள், கன்னத்தில் கொடி வரைந்த பிள்ளைகள், எல்லோரும். 'மழை' அவர்கள் வாயில் 'மலை' ஆகியது. ஒருவரும் வெட்கப்படவில்லை.

விளங்கவேண்டும் என்று பார்த்துப் பார்த்து அவன் தன் பாட்டை முழுக்க முழுக்க நோர்வே மொழியில் எழுதியிருந்தான். அதில் ஒரு சொல் இப்போது இந்த மண்டபத்தில் ஒருவருக்காவது ஞாபகம் இருக்குமா?

மைக்கை வாயருகே உயர்த்தினான்.

அடுத்த வரியில் அவன் இரண்டாம் குரலாகக் கீழே சேரவேண்டும்.

மேலே போனான்.

அவள் சுருதிக்கு மேலே, பெரிய குரலில், அவளை மூடிக்கொண்டு. வேண்டுமென்றேதான். நாடு முழுக்கக் கேட்கட்டும் என்றுதான்.

அவள் தோள் ஒருகணம் விறைத்தது.

திரும்பிப் பார்த்தாள். முறைக்கவில்லை. ஒரு அடி பக்கவாட்டில் விலகினாள். அவள்மேல் இருந்த வெளிச்சம் பின்னால் நின்ற அவன்வரை வந்தது.

பாட்டை அவனிடம் விட்டுவிட்டு அவள் தன் குரலைக் கீழே இறக்கினாள். அவனுக்கு அடியில், அவனுக்குப் பொருத்தமாக, இரண்டாம் குரல் கொடுத்தாள். தன் சொந்தப் பாட்டுக்கு. தான் வென்ற மேடையில்.

முன்பே ஒத்திகை பார்த்து வைத்ததென்று சனம் நினைத்தது. எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வரி முடிந்தது. அடுத்த வரி வந்தது. அவள் மேலே வரவில்லை. அவன் எவ்வளவு தூரம் போகிறான் என்று பார்த்துக்கொண்டு, பக்கத்திலேயே பாடிக்கொண்டு நின்றாள்.

அவ்வளவு உயரத்திலிருந்து எப்படி இறங்குவதென்று அவனுக்குத் தெரியவில்லை.