கடைசியாக வந்தது

மூன்று மணி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் கிடத்தியிருக்கிறது. கணினி மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பும் நேரம் இப்போதுதான் முடிந்தது. திரையில் ஒரே வரி: கட்டுரை கிடைத்தது. எது கிடைத்தது? இணையம் இழுத்துக்கொண்டே இருந்த பதற்றத்தில், சேர்ந்து எழுதிய ஒரே கட்டுரையை நானும் அனுப்பினேன், எதிர் மேசையிலிருந்து தோழியும் அனுப்பியிருக்கிறாள். கடைசியாகப் போய்ச் சேர்ந்ததுதான் நிற்கும். நான்காம் பக்கத்து நிரூபணத்தில் இருந்த பிழையை என் பிரதியில் மட்டுமே திருத்தியிருக்கிறேன். அவளுடையது நின்றிருந்தால் இரண்டு வருட உழைப்பு அந்தப் பக்கத்திலேயே கவிழ்ந்துவிடும். அவளிடம் சொன்னேனா? சொன்னதாகத்தான் நினைவு. மனதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டேனோ? “எத்தனை மணிக்கு அனுப்பினேடி?” என்கிறேன். “ரெண்டு அம்பத்தெட்டு. நீ?” “எனக்கும் அதேதான். ஆனா உன் கணினியோட கடிகாரம் கொஞ்சம் முந்தி ஓடுமே.” “கடிகாரத்தை நம்பாதேன்னு நம்ம கட்டுரையோட முதல் பக்கத்துலயே எழுதிட்டு எங்கிட்ட மணி கேக்குறியா?” சிரிப்பு பாதியில் நிற்க, என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிகிறாள். பல கணினிகள் தமக்குள் பேசி ஒரே முடிவுக்கு எப்படி வருகின்றன என்பதுதான் எங்கள் கட்டுரை. அனுப்பியதைத் திறந்து பார்க்க ஒரு பொத்தான் இருக்கிறது. இருவர் கைகளும் ஒன்றாக மவுஸை நோக்கி நீள்கின்றன, ஒன்றாகவே பின்வாங்குகின்றன. “நீயே பாரு,” என்கிறோம், இருவரும் ஒரே நேரத்தில். அவள் எனக்காகக் காத்திருக்கிறாள். நான் அவளுக்காக.